குறையாத மாத்திரை டப்பா

— தேவி அண்ணி... தூங்கிட்டியா?

— உங்கண்ணன் எறா புடிக்கப் போனப்புறம் இப்பதான் கண்ணு அசந்துச்சி. இன்னா ஷாலு, மறுபடி வயிறா?

— உனக்கு எப்டி தெரியும்?

— பொழுது சாஞ்சதுலேந்து வெளிய போறதும் வர்றதுமா கீற. எனக்குத் தெரியாதா சாமி?

— கத்த மாட்டேன்னு பாப்பா மேல சத்தியம் பண்ணு.

— அட ச்சீ! பச்சப்புள்ள மேல சத்தியமா? சொல்லித் தொல.

— எனக்கும் அண்ணனாட்டமே போவுது அண்ணி. தண்ணி ஊத்துனாலும் போவல, எண்ணெ மாரி மேல மெதக்குது. நாத்தம் கொடலப் புடுங்குது. எவ்ளோ துன்னாலும் பசிக்குது, பாவாடை இடுப்புல நிக்கல. வலி முதுகு வரிக்கும் பாயுது.

— எத்தினி நாளா?

— அம்மாவுக்குப் படையல் போட்டமே, அதுக்கும் முன்னால.

— இத்தினி நாளா ஏண்டி வாயத் தொறக்கல?

— எப்டி தொறக்கறது? கணையம் கெட்டுச்சின்னாலே குடிகாரன்னுதான தோணிரேவு ஊரே பேசுது. ஒரு சொட்டு தொடாத அண்ணனயே வுட்டு வெக்கல. பொம்பளப் புள்ள, என்ன இன்னா சொல்லுவாங்க?

— சொல்றவன் வாயில மண்ணு. குடிக்காதவங்களுக்கும் வரும், ரத்த வழியிலயும் வரும்னு டாக்டரம்மா சொல்லல? சோறு செரிக்கிறதுக்கு கணையத்துலேந்து நீரு ஊறணும், அது ஊறல. சோத்தோட மாத்திரை போட்டா தேறிக்கலாம் சாமி. விடிஞ்சதும் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்.

— மாத்திரை போட்டுக்கினுதான் கீறேன்.

— எந்த மாத்திரை?

— மெதுவா பேசு அண்ணி, பாப்பா முழிச்சிக்கும்.

— எந்த மாத்திரைடி?

— அண்ணனுது. சோத்து மூட்டையில ரெண்டு வெக்கச் சொன்னல்ல? ஒண்ணுதான் வெப்பேன். இன்னொண்ண நான் முழுங்கிடுவேன்.

— அடிப்பாவி! அதான் மனுசன் எலும்பாப் பூட்டாரா? முந்தாநாளு எறாக் கூடையக்கூட தூக்க முடியாம சேத்துலயே குந்திட்டாராம்.

— அடி அண்ணி. நல்லா அடி. ஆனா என் பயம் அது இல்ல.

— வேற இன்னா?

— டப்பா இந்நேரம் காலியாயிருக்கணும். ஆவல. எடுக்க எடுக்க யாரோ திரும்பப் போடறாங்க. ராவுல எல்லாரும் தூங்கனப்புறம் மூடி தொறக்கற சத்தம் கேக்குது. அம்மாவும் இப்டித்தான துன்னுத் துன்னே எளச்சி செத்துச்சி... அதுதான் வருது அண்ணி.

— சத்தம் எப்ப கேக்கும்? அவுரு ஏரிலேந்து திரும்பி வர்ற ராத்திரியா?

— ஆமா. ஏன் கேக்குற?

— இன்னிக்கு மூட்டையில எத்தினி வெச்ச?

— ஒண்ணுதான்.

— அதயும் முழுங்க மாட்டாருடி. மொத வாய் சோத்த உங்கம்மாவுக்குன்னு ஏரில போடுவாரு. ஒரு மாத்திரைய பாலித்தீன்ல சுத்தி மடில முடிஞ்சிக்கினு வருவாரு; இன்னொண்ண முழுங்கிட்டாருன்னு நெனச்சேன், டப்பால திரும்பப் போடறது அவுருதான். ஏன்யானு கேட்டேன். "வூட்ல ஒருத்தி பசியோட கீறா"ன்னாரு. செத்துப்போனவளச் சொல்றாருன்னு நெனச்சி நான் சும்மா இருந்துட்டேன்டி.