இளஞ்சூட்டுப் பால்

ஹலோ... ஹலோ... ஆ, இப்ப கேக்குது. இருங்க, வெளிய வந்துர்றேன். பேபி ரூம் வாசல்ல போன் பேசுனா நர்ஸ் மிஸ் ஏசுவாங்க...

ம். சொல்லுங்க யுகேஷப்பா. முடிஞ்சிருச்சா?

...

ம்.

எந்த எடத்துல?... மூணாம் நம்பர் மலைக்குக் கீழயா? அங்க மழைக்குத் தண்ணி நிக்குமே... மேட்டுப் பக்கமா. சரி. அப்ப சரி. ஆழமா தோண்டுனீங்கள்ல? நாய் வரும்ங்க... கல்லு வச்சிட்டீங்களா... சரி.

அந்த மஞ்சச் சட்டையோடதான?... ஆமா, பெருசுதான். ஒரு கிலோ கூட இல்லாத புள்ளைக்கு எந்தச் சட்ட அளவா இருக்கும்.

...

நான் அழுவல. அழுது முடிச்சிட்டேன். நீங்க சாப்புட்டீங்களா?... யுகேஷு?... காய்ச்சல் திரும்பி வரலதான? நெத்தியத் தொட்டுப் பாத்தீங்களா... ம்.

யாரு? ஒங்க அக்காவா? என்னா சொல்றாங்க கஜலட்சுமி அண்ணி?... நாளைக்கு பால் தெளிக்கவா?... நான் எப்பிடிங்க வர்றது?

...

இல்ல. இல்லங்க. தெரியும், பெத்தவ பாலத்தான் குழியில ஊத்தணும்னு எனக்கும் தெரியும். தோட்டத்து லயத்துல நாலு பேரு நாலு பேசுவாங்க, பேசட்டும். அவகூடப் பொறந்த தம்பிய இங்க போட்டுட்டு நான் வந்துட்டா இவனுக்கு யாரு இருக்கா? வரமாட்டேன். வரமாட்டேன்னு சொல்லிருங்க.

...

டாக்டரா? காலையில வந்தாரு. சிங்களத்துலதான் சொன்னாரு, நம்ம சீதா அக்கா இருக்காங்கள்ல, வாட்டு கூட்டுற அக்கா, அவங்க நின்னு தமிழ்ல சொன்னாங்க. பாப்பாவுக்குக் கொடலு அழுகிப் போச்சாம்ங்க. அதான் வயிறு அப்பிடி ஊதுனது.

...

எப்பிடின்னா... பத்து மாசம் இருந்து பொறக்குற புள்ளைக்கு வயித்துக்குள்ள நல்ல கிருமி வந்து குடியிருக்குமாம். ஆமா, கிருமியிலயும் நல்லது இருக்காம். ஏழு மாசத்துல பொறந்ததுக்கு ஒண்ணும் இல்ல, வெறும் வயிறு. புரியலயா?... புதுத் தேயிலக் கன்னு நட மலைய வெட்டி வெறும் மண்ணாப் போடுறோம்ல, சும்மா விட்டா என்னா மொளைக்கும்? கண்ட களையுந்தான? அதுக்குத்தான மொதல்ல மானாப்புல்லு நடுறோம். தாய்ப்பாலு மானாப்புல்லு மாதிரி. நல்லத வளத்து விடும், கெட்டத அண்ட விடாது. நானாத்தான் அப்பிடி வெளங்கிக்கிட்டேன். கடைப் பால்மா கரைச்சுக் குடுத்தா இவனுக்கு ஆபத்துன்னு மட்டும் டாக்டரு அடிச்சுச் சொன்னாரு.

...

தம்பி நல்லா இருக்கான். வயிறு ஊதல. அக்காளுக்கு அப்பிடி ஆனதுல பயந்து, இவனுக்கும் நாலு நாளா பால நிப்பாட்டி வச்சிருந்தாங்கள்ல. இன்னிக்கு ரெண்டு மணிக்கு திருப்பி ஆரம்பிக்கிறாங்க. குழாய் வழியா ஒரு மில்லி... ஒரு மில்லின்னா ஒரு மில்லிதான். சோடா மூடியில கால்வாசி கூட வராது.

...

எனக்கா? எனக்கு எங்க சொரக்குது. நேத்து பாப்பா போனதுலருந்து கப்பு அடியே நனையல. மிஸ் சொல்றாங்க, புள்ளைய நெனச்சுக்கிட்டே கறங்கம்மா, வரும்னு. எந்தப் புள்ளையன்னு அவங்க சொல்லல.

...

இல்லங்க, பயப்படாதீங்க, பாலு இருக்கு. யுகேஷுக்குக் காய்ச்சல்னு நான் வீட்டுக்கு வந்த மூணு நாளும் நான் கறந்தத நீங்க கொண்டாந்து குடுத்தீங்கள்ல, அதுல மூணு போத்தலு பிரீசர்ல கெடக்கு. எம்பேரு ஒட்டி, ‘இராஜகுமாரி, ரெட்டைப் புள்ளை’ன்னு. மிஸ் இப்பத்தான் ஒண்ண எடுத்து கரைய வச்சிருக்காங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போச்சு. மொத பஸ்ஸுல தொங்கிக்கிட்டு, பளீல் நானா கடையில ஐஸு வாங்கி, ஐஸு கரையாம இருக்க ரெஜிபோம் பொட்டிக்குள்ள போட்டு மடியில வச்சு... அந்தப் பாலுதான் இன்னிக்கு இவனக் காப்பாத்தப் போவுது.

...

ஹலோ?

...

கேக்குதா? லைன் போச்சா?... இருக்கீங்களா?

...

என்னாது?

...

எந்த பிளாஸ்க்கு?

...

மலைக்குத் தேத்தண்ணி கொண்டு போற பிளாஸ்க்கா?... என்னாத்துக்குங்க?... ஐஸ எங்க போட்டீங்க?... பன்வில பஸ் ஸ்டாண்டுல கொட்டிட்டீங்களா?

...

சளியா? பச்சப் புள்ளைக்கு ஐஸுப் பாலு குடுத்தா சளி புடிக்கும்னா?... யாரு சொன்னா?... ஒங்களுக்கே தோணுச்சா?

...

சுடுதண்ணிக்குள்ள போத்தல வச்சு... இளஞ்சூட்டுலயா... ரெண்டு மணி நேரம் பஸ்ஸுலயா... அப்ப மிஸ் கையில குடுக்கயில சில்லுனு இருந்துச்சுன்னாங்களே?

...

ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட ஜூஸ் கடையில ஐஸு வாங்கிப் போட்டீங்களா. மிஸ் ஏசுவாங்கன்னு.

...

மூணு நாளுமா?

...

மூணு நாளுமா மனுசா? சொல்லு. மூணு போத்தலுமா... அய்யோ. அய்யோ, அந்தப் போத்தலத்தான... இருங்க. மிஸ்! மிஸ்! போன வைக்காதீங்க... மிஸ், எபா, வேணாம்! அந்தப் பாலு எபா! குடுக்காதீங்க! சீதாக்கா, நீங்க சொல்லுங்க, அந்தப் பாலு கெட்டுப் போயிருக்கும், ஊசியில ஏத்த வேணாம்னு சொல்லுங்கக்கா... ஆமாக்கா, சூட்டுல வந்த பாலு... ஆமா, எம் புருசன்தான்... இப்பத்தான் சொல்றாரு... அந்த ரெண்டு போத்தலும் வேணாம், எல்லாத்தையும் எடுத்துருங்க... தம்பிக்கு இன்னும் குடுக்கலதான? சத்தியமா குடுக்கலதான?...

...

ஹலோ.

...

குடுக்கல. ஊசியில உறிஞ்சி கையில வச்சிருந்தாங்க. கொட்டிட்டாங்க. மூணு போத்தலையும் சிங்குல கொட்டி டேப்பத் தொறந்து விட்டாங்க.

...

ஆமா, பாப்பாவுக்குக் குடுத்தாங்க. நான் வீட்டுல இருந்த மூணு நாளும் ரெண்டு பேருக்கும் அதத்தான் குடுத்தாங்க. இவன் தாங்கிட்டான். அவ தாங்கல.

...

தெரியாதுங்க. நான் என்னா டாக்டரா? மிஸ் சொல்றாங்க, அதனாலதான்னு யாரும் சொல்ல ஏலாது, நல்ல பாலு குடிச்ச புள்ளைக்கும் இது வருது, ஏழு மாசத்துப் புள்ளைக்கு எதுனாலயும் வரும்னு. அதனால இல்லன்னும் அவங்க சொல்லல.

...

தலையில அடிச்சுக்காதீங்க. சத்தம் கேக்குது. நிப்பாட்டுங்க. யுகேஷு பக்கத்துல இருக்கான்ல? அவன் பாக்குறான்ல?

...

நீங்க வேணும்னா செஞ்சீங்க? நானுந்தான் யுகேஷுக்கு பச்சத்தண்ணி குடுக்காம, ஊதி ஊதிச் சூடாக் குடுத்து வளத்தேன். ஐஸு எதுக்குன்னு நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்... ஆனா மாத்தி வச்சீங்களே. ஏச்சுக்குப் பயந்து கேட்டுக்கிட்ட வந்து மாத்தி வச்சீங்களே, அதத்தான்... சரி விடுங்க. இப்ப பேசுனா வேற மாதிரி வரும் எனக்கு.

...

அண்ணிகிட்ட சொல்லாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க. சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க. டாக்டர்கிட்ட மட்டும் நான் சொல்லணும். சொல்லுவேன்.

...

என்னா சத்தம் அது? என்னா தட்டுறீங்க?... வேணாம், பிளாஸ்க்க ஒடைக்காதீங்க. கீழ வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல. அடுத்த மாசம் நான் கொழுந்தெடுக்கப் போகணும், தேத்தண்ணிய எதுல கொண்டு போறது? கழுவிக் கவுத்து வைங்க.

...

நாளைக்கா? பால் தெளிக்க கடையில பாக்கெட் பாலு வாங்கி ஊத்துங்க. என்னா பாலுன்னாலும் ஊத்துங்க. சூடா இருந்தாலும் சரி, ஐஸா இருந்தாலும் சரி. அவ வயித்துக்கு இனிமே ஒண்ணும் ஆகாது.

...

ம்.

...

மிஸ் கப்பக் கொண்டாந்து குடுத்துட்டாங்க. இப்ப கறந்து ஒரு மில்லி வந்துட்டா ரெண்டு மணிக்கே குடுப்பாங்களாம். வரலன்னா அடுத்த நேரம் வரைக்கும் அவன் வெறும் வயித்தோட கெடக்கணும். பத்து நிமிசந்தான் இருக்கு.

...

பேசிக்கிட்டே இருக்க ஏலாதுங்க. வைக்கிறேன். ரெண்டு கையும் வேணும்.