குசினித் தொட்டியில் ஓடிய நீலம்

அவைக்குத் தலைமை தாங்கி, என் பெயருக்கு முன்னால் 'கலை அறிஞர்' என்று தேவையில்லாத மாலை ஒன்றையும் போட்டுவிட்ட எங்கள் மன்றத் தலைவர் செல்வரட்ணம் அண்ணை அவர்களே! பூசை முடித்த கையோடு கதிரை அடுக்கவும் வந்து நின்ற பங்குத் தந்தை ஜூலியஸ் அடிகளாரே! முன்வரிசையில் ஹீற்றர் பக்கமாய் இடம்பிடித்து வீற்றிருக்கும் பெரியோர்களே! இந்த அஜின்கோர்ட் ஊர் முழுக்கப் பனி குவிந்து கிடக்கையிலும் சேலை கட்டி, சேலைக்கு மேல் கோட்டுப் போட்டு, கோட்டுக்குள்ளும் கம்பீரம் குறையாமல் வந்திருக்கும் தாய்மார்களே! போனைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு என் பேச்சைக் கேட்கும் இளையோரே! இங்குள்ள எல்லோருக்கும் மூத்தவளாய், சிவப்புத் துணி மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்றும் பேசாமல் இருக்கும் வெள்ளைக் கல்லே! அனைவருக்கும் என் தோத்திரம்.

தலைவர் சொன்னதில் ஒரு திருத்தம். நான் அறிஞர் அல்ல. யூனியன்வில்லில் ஒரு வீட்டை நடத்துகிறவள். சோறு கொதிக்கும் நேரத்தில் நூலகப் புத்தகம் வாசித்துப் பழகியவள். வீட்டுக் கணக்கு எழுதும் கைக்கு ஒரு குணம் உண்டு: கண்ணால் கண்டதை ஒரு பக்கம் எழுதும், காதால் கேட்டதை மறுபக்கம் எழுதும், இரண்டையும் கலக்காது. அந்தக் குணத்தோடுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

எனக்குத் தந்த வேலை சிறியது. துணியை விலக்குவதற்கு முன், பெட்டியின் கீழே இருக்கும் விவரப் பலகையை வாசிக்க வேண்டும். அந்தப் பலகையின் ஒரு வரிக்காகப் போன மாதக் கூட்டத்தில் நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அந்த வரி சொல்லும் காரியத்துக்காக, பல வருடங்கள் இந்தக் கோயிலின் பீடத்தைச் சோடித்த ஒரு பெண், இரண்டு குளிர்காலமாக இந்த வாசற்படி மிதிக்கவில்லை. அவர் திரும்பி வருவாரா, வரமாட்டாரா? இன்றைய கேள்வி அதுதான். கல்லின் வயது அல்ல, கல்லின் மதிப்பு அல்ல.

ஆனாலும் கல்லைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். அலபாஸ்டர் என்றால் என்ன? பளிங்கா? இல்லை. பளிங்கின் பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லலாம், அவ்வளவுதான். பளிங்கு வன்மை, இது மென்மை. நகத்தால் கீறினால் கீறு விழும். பின்னால் மெழுகுதிரி பிடித்தால் வெளிச்சம் கசியும். தண்ணீர் பட்டால் மெல்ல மெல்லக் கரையும். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இதை வெட்டியெடுத்தார்கள், பலகை பலகையாய் அறுத்தார்கள், புனிதர்களையும் தேவதூதர்களையும் செதுக்கினார்கள். செதுக்கி வெள்ளையாக விட்டார்களா? இல்லை! பொன் பூசினார்கள். சிவப்புத் தீட்டினார்கள். பச்சைப் புல்தரையில் வெள்ளைப் பூவைப் புள்ளி புள்ளியாய் வைத்தார்கள். எளிமை என்றால் வெள்ளை, பக்தி என்றால் மங்கல் என்று யார் எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்? அந்தச் சனமும் எங்களைப்போலத்தான். சிலை என்றால், சுருவம் என்றால் பளபளக்க வேண்டும்!

பிறகு அங்கே அரசின் சமயம் மாறியது. சட்டம் மாறியது. சுருவங்களை உடையுங்கள் என்று கட்டளை வந்தது. பீடத்தில் இருந்தவை தரைக்கு வந்தன. தரைக்கு வந்தவை சுத்தியலுக்கு வந்தன. சிலவற்றைக் கப்பலில் ஏற்றினார்கள். சிலவற்றை மண்ணுக்குள் ஒளித்தார்கள்.

எங்களுடையது மங்களவார்த்தைக் காட்சி, மாதாவுக்குத் தூதர் நற்செய்தி சொன்ன நேரம். முழங்கை உயரக் கற்பலகை. ஒரு பக்கம் தூதர், நடுவில் சாடியில் லீலிப்பூ, மறுபக்கம் முழந்தாளில் அன்னை. அன்னையின் முகத்தில் மூக்கிலிருந்து நாடிவரை இல்லை. ஒரே அடியில் போயிருக்கிறது. கண்கள் மட்டும் மிச்சம்.

இந்தக் கோயிலின் பழைய பங்கு மக்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா தன் காலத்துக்குப் பின் கோயிலுக்கென்று விட்டுச் சென்றார். நாங்கள் அதை எங்கே வைத்தோம்? பீடத்திலா? பூசை உடுப்பு மாற்றும் அறையில், அலுமாரிக்குப் பின்னால் வைத்தோம். மெழுகுதிரிப் புகை பிடித்துக் கறுத்துப்போய்க் கிடந்தது. அதில் எதைச் சாத்தி வைத்தோம்? பனி வழிக்கிற மண்வெட்டியை, சவளை! சிரிக்காதீர்கள், சாத்தியவர்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள்.

என்ன அண்ணை? மூன்றாம் வரிசையில் நீக்கிலாப்பிள்ளை அண்ணை ஏதோ சொல்கிறார். "பிள்ளை, ரோல்ஸ் ஆறுது, கெதியாச் சொல்லுங்கோ" என்கிறார். அண்ணை, ஆறின ரோல்ஸைச் சூடாக்கலாம். இந்தக் கல் ஐந்நூறு வருசம் பொறுத்தது, நீங்கள் ஐந்து நிமிசம் பொறுங்கோ.

போன வருடத்துக்கு முந்திய வருடம், மங்களவார்த்தைத் திருநாளுக்கு முன், பீடம் சோடிக்கிற றோஸ்மேரி அந்த அலுமாரியை இழுத்துத் துப்புரவாக்கினார். கறுத்த கற்பலகையைக் கண்டார். திருநாளுக்கு முதல் சுருவத்தைக் கழுவித் துடைத்துப் பீடத்தில் ஏற்றுவது எங்கள் வழக்கமா, இல்லையா? வழக்கம். ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தார். வெந்நீரும் சவர்க்காரமும் பஞ்சுமாக ஒரு பின்னேரம் முழுக்கச் செபமாலை சொல்லிச் சொல்லித் தேய்த்தார். வெள்ளை வெளேரென்று வந்தது.

திருநாள் அன்று ரோசாப்பூக்களுக்கு நடுவில் அதைக் கண்டபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? மறந்துவிட்டீர்களா? நான் எழுதிவைத்திருக்கிறேன், கண்ட பக்கத்தில்! வரிசையில் நின்று தொட்டு முத்தினீர்கள். "றோஸ்மேரியின்ரை கை பட்டால் கறுப்பும் வெள்ளையாகும்" என்றீர்கள். கைதட்டினீர்கள்.

அடுத்த கிழமை ஒரு கலியாணத்துக்கு வந்த கல் நிபுணர் ஒருவர் பீடத்தடியில் நின்றார். நெடுநேரம் நின்றார். இது என்ன கல், எத்தனை பழசு என்று முதன்முதலாய் எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். சொல்லிவிட்டு மெதுவாய்க் கேட்டார்: "இதில் இருந்த வர்ணம் எங்கே?"

அவ்வளவுதான். கைதட்டிய கைகள் சுட்டும் விரல்களாகின. "அறியாத வேலை." "பொக்கிசத்தை நாசமாக்கிப்போட்டா." "வெள்ளைக்காரர் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?" வேதத்தில், வெள்ளைக்கல் சிமிழை உடைத்து ஆண்டவரின் தலையில் தைலம் ஊற்றிய ஒருத்தியையும் கூட இருந்தவர்கள்தான் கடிந்துகொண்டார்கள். வருடா வருடம் அந்தப் பிரசங்கத்தைக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வெளியே போய், வாகனத் தரிப்பிடத்தில் நின்று றோஸ்மேரியைப் பற்றிக் கதைத்தோம். அவருடைய காதுக்கு எட்டியது. வரவை நிறுத்தினார்.

இப்போது விவரப் பலகைக்கு வருகிறேன். எங்கள் செரீனா, கெட்டிக்காரப் பிள்ளை, எழுதிக்கொண்டு வந்த வரி இது: "அண்மையில் தவறான முறையில் கழுவப்பட்டதால் பழைய வர்ணம் அழிந்துவிட்டது." கூட்டம் இரண்டாகப் பிளந்தது. வெட்கக்கேடு, வெட்டுங்கோ என்றது ஒரு பக்கம். உண்மை, விடுங்கோ என்றது மறுபக்கம். செரீனா சொன்னா, "அன்ரி, இற்ஸ் ஜஸ்ட் எ லேபல். பேர் ஒண்டும் போடேல்லையே!" தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் ஒருக்கால் ஸ்ரௌவ்வில் போய் அவவிட்டைக் கேளுங்கோ" என்றார்.

போனேன். வரியை எடுத்துவிடுவோம் என்று ஆறுதல் சொல்லத்தான் போனேன். றோஸ்மேரி தேத்தண்ணி ஊற்றினார். அந்தத் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று ஊற்றினார். வரியை வாசித்துக் காட்டினேன்.

"எடுக்க வேண்டாம் அக்கா," என்றார். "நிறம் போனது போனதுதானே. அதை ஏன் ஒளிக்கிறியள்?"

"உமக்கு நோகுமெல்லே?"

"நோகுந்தான். அதென்ன, 'கழுவப்பட்டதால்'? அது தானாப் போய்த் தொட்டியிலை இருந்து குளிச்சதோ? கழுவினது நான். றோஸ்மேரி எண்டு போடுங்கோ."

நான் பேனையை எடுத்து அந்த வரிக்கு மேலே அவர் பெயரை எழுதினேன்.

பிறகு அவர் குழாயைப் பார்த்தார். "அக்கா, ஒருத்தரும் என்னட்டை ஒரு கேள்வி கேக்கேல்லை. ஏன் கழுவினனி எண்டு கேட்டினம். ஆரைக் கேட்டுக் கழுவினனி எண்டு கேட்டினம். என்ன நிறம் எண்டு கேக்கேல்லை."

"என்ன நிறம்?"

"நீலம் அக்கா. கறுப்புப் போக, அடியிலை மாதாவின்ரை மேலாடை முழுக்க நீலம். ஒரு கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டுது. பிறகு தண்ணியோடை ஓடினது. நான் ஊத்தை எண்டு நினைச்சன். எவ்வளவு வடிவான ஊத்தை எண்டும் நினைச்சன். தூதற்றை செட்டை சிவப்பு. ஓரத்திலை மஞ்சளா மினுங்கினது. அது பொன்னாக்கும்."

அன்பர்களே! புகைக்குக் கீழே அந்த நீலம் எத்தனை காலம் கிடந்தது? தெரியாது. நாங்கள் கண்டோமா? சவளைச் சாத்தியவர்கள் கண்டோமா? கைதட்டியவர்கள் கண்டோமா? விரல் நீட்டியவர்கள் கண்டோமா? நிபுணர் கண்டாரா? இன்று உயிரோடு இருக்கும் மனிதரில், அன்னையின் மேலாடை நீலம் என்று சத்தியம் பண்ணக்கூடியவர் ஒருவர்தான். அவரை நாங்கள் வீட்டில் இருத்திவிட்டோம்!

நான் அழுவதற்கு வந்தவள் அல்ல. உங்களை அழவைக்கவும் வரவில்லை. இழப்பு இழப்புத்தான். சுத்தியலும் இந்தக் கல்லைக் கெடுத்தது, பஞ்சும் கெடுத்தது. இதை நான் எந்தக் கணக்கிலும் அழிக்கமாட்டேன். ஆனால் சுத்தியல் பிடித்தவன் எதற்காகப் பிடித்தான்? அந்த முகம் இருக்கக்கூடாது என்று. பஞ்சு பிடித்தவர் எதற்காகப் பிடித்தார்? அந்த முகம் தெரிய வேண்டும் என்று. இரண்டையும் ஒரே வரியில் எழுதலாமா? எழுதலாமா, சொல்லுங்கள்!

இல்லை என்கிறீர்கள். நல்லது. செரீனா அந்த வரியைத் திருத்திவிட்டா. மன்றம் ஏற்றுக்கொண்டது. இனி வாசிக்கிறேன்.

"மங்களவார்த்தை. அலபாஸ்டர் கல், இங்கிலாந்து. செதுக்கியவர் பெயர் தெரியாது. முகத்தை உடைத்தவர் பெயர் தெரியாது. காப்பாற்றியவர் பெயர் தெரியாது. திருநாளுக்காகக் கழுவியவர் றோஸ்மேரி. அதில் வர்ணம் போய்விட்டது. அன்னையின் மேலாடை நீலம், தூதரின் சிறகு சிவப்பு, ஓரம் பொன். கண்டவர் றோஸ்மேரி."

கைதட்டலை வைத்திருங்கள், இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இந்தத் துணியை விலக்கத் தலைவர் என்னை அழைத்தார். எனக்கு அந்த உரிமை இல்லை. பின்வாசலுக்குப் பக்கத்தில், கடைசிக் கதிரையில், 'இருந்திட்டுப் போயிடுவன்' என்று எனக்குச் சொல்லி, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒருவர் இருக்கிறார்.

றோஸ்மேரி, திரும்பி ஆரையும் பாக்காதையும், உம்மைத்தான். கோட்டைக் கழட்டிப்போட்டு வாரும். நடுவழியாலை வாரும். அண்ணைமார், காலை மடக்குங்கோ, வழி விடுங்கோ.

அவர் வந்து சேரும்வரைக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கும், பேச இடம் தந்த மன்றத்துக்கும், ஆறிப்போன ரோல்ஸுக்கும் என் நன்றி. கல்லை இனி ஒருவரும் தொட வேண்டாம்; வருகிறவரின் கையைத் தொடுங்கள். எல்லோருக்கும் திருநாள் வாழ்த்து. வாரும் றோஸ்மேரி, துணி உம்முடையது.