வாழைப்பழத்துக்குக் குளிரடித்த காலை

வாசலில் பனிக்காலணிகளைக் குவித்துவிட்டு, திரும்பும்போது யாருடையது எது என்று வழக்காடத் தயாராக வந்து அமர்ந்திருக்கும் அவையோரே! இம்மண்டபத்தின் சூட்டைப் பதினெட்டு டிகிரிக்கு மேல் ஏற்றவே மாட்டேன் என்று பதினோரு ஆண்டுகளாகக் கொள்கை மாறாமல் தலைமை தாங்கிவரும், எங்கள் வின்னிபெக் வடக்குமுனைச் சமூக மன்றத்தின் தலைவர், மதிப்பிற்குரிய ஓரெஸ்ட் மெல்னிக் அவர்களே! முன்வரிசையில் ஒரு நாற்காலியில் தாமும், அடுத்த நாற்காலியில் தம் கோட்டும், அதற்கடுத்ததில் தம் தொப்பியுமாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே! காலை முதல் சமையற்கூடத்தில் மாவு பிசைந்து, மடித்து, அவித்துக் களைத்தும் கலகலப்புக் குறையாத தாய்மார்களே! "இவள் எப்போது முடிப்பாள்?" என்று என் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் ரோஷெல் லாவலேயின் பணிவான வணக்கம்.

தலைவர் என்னை அறிமுகம் செய்கையில், "சரக்குப் போக்குவரத்துத் துறையின் சாதனைப் பெண்மணி" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டலில் பாதியை இப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன். ஏனென்றால், நான் இன்று பேச வந்தது சாதனையை அல்ல. ஒரு காலை வேளையில், கடும் பனியில், கண் திறந்திருக்கையில், கையொப்பமிட்டு நான் செய்த முட்டாள்தனத்தை!

அதோ சிரிப்பு! சிரியுங்கள், சிரியுங்கள். என் கிடங்கில் அதற்காக மூன்று மாதம் சிரித்தார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் இடைக்கால வரலாறு படித்தவள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மிளகு எந்தக் கடல் வழியாக எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வேன். ஆனால் அடுத்த வாரம் என் மகளுக்கு டயப்பர் எந்த வழியாக வரும் என்று கேட்டால் மூச்சே நின்றுவிடும். பட்டம் வந்தது. பாப்பா வந்தாள். வேலை மட்டும் வரவில்லை. அறுபத்து மூன்று விண்ணப்பங்கள் அனுப்பினேன். அறுபத்து மூன்று பேரும் என்ன கேட்டார்கள்? "அனுபவம் உண்டா?" அனுபவம் இல்லாததால் வேலை இல்லை, வேலை இல்லாததால் அனுபவம் இல்லை. இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றியே என் மகள் ஒடெட்டுக்கு ஒரு வயது ஆகிவிட்டது!

அப்போதுதான் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். லாஜிஸ்டிக்ஸ், அதாவது சரக்கை அனுப்பும் வேலைக்கு அப்ரண்டிஸ் தேவை, வேலை பழகுபவர். அனுபவம் வேண்டாம். முதல் நாளிலிருந்தே சம்பளம். ஆனால் முதல் ஆறு வாரம் சோதனைக் காலம். ஆறாம் வாரத்து வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால் தொடரலாம், போடாவிட்டால் கிளம்பலாம். கவனியுங்கள் தாய்மார்களே, அந்தக் கையெழுத்தை நம்பித்தான் என் சம்பளம் இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் ஒடெட்டின் இடம் இருந்தது. ஒன்று போனால் எல்லாம் போகும்!

அம்மாவிடம் சொன்னேன். இங்கேதான் இரண்டாம் வரிசையில் இருக்கிறார், தலையைக் குனிந்துகொண்டு.

"நாலு வருஷம் படிச்சுட்டுப் பொட்டி தூக்கவாடி போறே?" என்றார்.

"தூக்க இல்லம்மா. எந்தப் பொட்டி, எந்த வண்டியில, எப்ப, எங்க போகணும்னு பார்க்கற வேலை."

"அப்போ தூக்கறவனுக்கு வழி சொல்ற வேலை. நீ போன வாரம் பல் டாக்டர் வீட்டுக்கே வழி தப்பினவ!"

அம்மா, நீங்கள் சொன்னது உண்மைதான். சபையில் ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

போனேன். கிடங்கில் எனக்கு வைத்த பெயர் "பட்டதாரி". அதை வைத்தவர் லிகாயா. சரக்கைத் தூக்கிவைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியை ஓட்டுபவர், மணிலாவிலிருந்து வந்து இருபது குளிர்காலம் பார்த்தவர். பெட்டிகளை அடுக்கிவைக்கும் மரத்தட்டான பேலட்டைச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டிக் தாளில் நான் என் கையையும் சேர்த்துச் சுற்றிக்கொண்ட அன்று அவர் கேட்டார்: "என்னம்மா பட்டதாரி, உன்னையும் சேர்த்தே அனுப்பிரவா? எந்த ஊருக்கு?"

ஆனாலும் என்னிடம் ஒரு குணம் இருந்தது. குணமென்று சொல்வதா, கோளாறென்று சொல்வதா? ஒடெட் பிறந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் எழுதுவேன். எத்தனை மணிக்குப் பால், எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்கு இருமினாள், எத்தனை முறை இருமினாள்! எழுதாவிட்டால் நெஞ்சு படபடக்கும். தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, அதனாலேயே பிள்ளையை எழுப்பிவிட்ட தாய்மார்கள் இங்கே எத்தனை பேர்? ஆகா, பாருங்கள், பாதி மண்டபம்! அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான் நானும்.

ஐந்தாம் வாரம். ஜனவரி மாதம். செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் முப்பத்து நான்கு. முற்றத்தில் நிற்கும் டிரெய்லர்களைச் சுற்றிப் பார்த்துக் குறித்துவர என்னை அனுப்பினார்கள். பதினேழாம் எண் டிரெய்லர், பழைய வண்டி, உள்ளே வாழைப்பழம். அதன் நெற்றியில் குளிர்பதனப் பெட்டி கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் நின்றேன். நினைத்தேன். நான்கு ஆண்டு படிப்பு நெஞ்சில் நிமிர்ந்தது! வெளியே இமைமுடி உறைகிறது. மூக்குக்குள் ஊசி குத்துகிறது. இந்தக் குளிரில் ஒரு ஃப்ரிட்ஜை ஓட்டி டீசலை எரிக்கிறார்களே! இந்தக் கிடங்கில் ஒருவருக்குக்கூடவா இது தோன்றவில்லை? இத்தனை ஆண்டுகளாகவா தோன்றவில்லை?

நிறுத்தினேன்.

கடைசி வரிசையில் விழுந்து விழுந்து சிரிக்கும் லாரிக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள்! உங்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இந்த ஊரில் கார் எஞ்சினுக்கே மின்கம்பி சொருகித்தான் சூடு காட்டுகிறோம். காலையில் அந்தக் கம்பியைப் பிடுங்க மறந்து, தெருமுனை வரை வால் போல இழுத்துக்கொண்டு போனவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்குங்கள் பார்ப்போம். தலைவர் அவர்களே, ஒரு கை போதும், இரண்டு கையையும் தூக்க வேண்டாம்!

நிறுத்தியதோடு விட்டேனா? எழுதினேன். பலகையில் செருகிய தாளில், உறைந்த விரலால், ஒடெட்டின் பாலைக் குறிப்பது போலவே குறித்தேன்: "காலை 10.12. டிரெய்லர் 17. உள்ளே 14 டிகிரி. குளிர்பதனம் நிறுத்தப்பட்டது. வெளியிலேயே போதுமான குளிர் இருக்கிறது." கீழே கையெழுத்து. அதன் கீழே ஒரு கோடு. அழகான கோடு!

பிறகு உள்ளே போய்க் காபி குடித்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

வந்தது. டிரைவர் ஜெரோம் ஸ்பென்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "யாருய்யா என் வண்டிய நிறுத்துனது?"

நான் கையை உயர்த்தினேன். சபையோரே, பெருமையாக உயர்த்தினேன்! "நான்தான். பரவாயில்லை, நன்றியெல்லாம் வேண்டாம்" என்றும் சொன்னேன்.

லிகாயா ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு இறங்கினார். என் தோளில் கை வைத்தார்.

"பட்டதாரி, கோடையில அது ஃப்ரிட்ஜ். இப்ப அது அடுப்பும்மா."

"வாழைப்பழம் உங்கிட்ட வந்து சொல்லுச்சா, குளிர் பத்தலைன்னு?" என்று கத்தினார் ஜெரோம். "பதிமூணுக்குக் கீழ போனா அது கறுத்துச் செத்துரும் தாயி! அதுக்குச் சூடு போட்டுத்தான் இவ்வளவு தூரம் கொண்டாந்தேன்!"

அந்த நொடியில் என் கண்முன் வாழைப்பழம் வரவில்லை. காப்பகத்தின் கதவில் ஒடெட் பெயர் எழுதி ஒட்டியிருக்கும் மஞ்சள் வாத்துப் படம் வந்தது. அதை யாரோ உரித்து எடுப்பது போல இருந்தது.

ஓடினார்கள். மோட்டாரை மறுபடி ஓட்டினார்கள்; பழக்கதோஷத்தில் அந்த நேரத்தையும் பலகையில் குறித்தேன். வண்டியைச் சரக்கு இறக்கும் கதவோடு சேர்த்தார்கள். பழம் வாங்கும் கடையின் பரிசோதகர் எல்வீரா டூக் வந்து நின்றார். அந்த அம்மையார் ஒரு தக்காளியைப் பார்த்தால் தக்காளி தானாகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளும்!

"எவ்வளவு நேரம் நின்னுச்சு?"

பழைய வண்டி. தானாகப் பதிந்து வைக்கும் கருவி அதில் இல்லை. ஜெரோம் தலையைச் சொறிந்தார்.

"எவ்வளவு நேரம்னு தெரியாத சரக்கை நான் தொடமாட்டேன். மொத்தத்தையும் திருப்பிக் கொண்டுபோங்க."

ஒரு டிரெய்லர் நிறையப் பழம்! அப்போது லிகாயா பலகையை எடுத்துவந்து நீட்டினார். எல்வீரா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, ஒரு சொல் விடாமல் படித்தார். "வெளியிலேயே... போதுமான... குளிர்... இருக்கிறது." அந்த வரியில் ஜெரோமுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்வீராவுக்கு வரவில்லை. அதற்கடுத்த வரியையும் பார்த்தார்.

"பத்து பன்னிரண்டுக்கு நிறுத்தம். பத்து ஐம்பத்தெட்டுக்கு ஓட்டம். நாப்பத்தாறு நிமிஷம். சரி, கதவைத் திற."

பழத்துக்குள் ஊசி வெப்பமானியைக் குத்திக் குத்திப் பார்த்தார். கதவோரம் இருந்த இரண்டு பேலட் போனது போனதுதான். மற்றதெல்லாம் பதினான்கு, பதினான்கு, பதினான்கு! ஒவ்வொரு முறை அவர் "பதினாலு" என்றபோதும் எனக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கியது போல இருந்தது.

மேற்பார்வையாளர் நெஸ்டர் குஷ்னிர் தூரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். திட்டினாரா? இல்லை. திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன். "வெள்ளிக்கிழமை என் ரூமுக்கு வா" என்றார். அது ஐந்தாம் வாரம். ஒரு வாரம் முன்கூட்டியே கூப்பிடுகிறார் என்றால் எதற்கு? வேறு எதற்கு!

வெள்ளிக்கிழமை போனேன். மேசைமேல் என் படிவம். கையெழுத்துக் கட்டம் காலி.

"நிமிஷம் வரைக்கும் ஏன் எழுதுனே?" என்றார்.

"பாப்பாவுக்கு எழுதற பழக்கம் நெஸ்டர். எழுதலைன்னா பயமா இருக்கும்."

"குளிர்காலத்துல அது சூடு போடும்னு உனக்கு யாராவது சொன்னாங்களா?"

"இல்லை."

கதவைத் திறந்து லிகாயாவைக் கூப்பிட்டார். "நீ சொல்லலையா?"

"ஜெரோம் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன்."

ஜெரோமைக் கூப்பிட்டார். "அதைப் போய் எதுக்குச் சொல்லணும்? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!"

நெஸ்டர் அலமாரியிலிருந்து பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். நூற்று நாற்பது பக்கம். எழுதியவர் அவரே. புரட்டினார், முன்னிருந்து பின்னுக்கும், பின்னிருந்து முன்னுக்கும். பிறகு மூடினார். காது சிவந்திருந்தது.

"இதுல இல்லை. எழுதத் தோணவே இல்லை. ரெண்டு பேலட் பழம் போச்சு, அது உன் தப்பு. கேக்காம இன்னொண்ணை நிறுத்தினா நீ கிளம்ப வேண்டியதுதான். ஆனா இது இங்க இல்லாதது என் தப்பு." பேனாவை நீட்டினார். "மூணாம் பக்கத்துல இடம் இருக்கு. புதுசா வர்றவங்களுக்குப் புரியற மாதிரி நீயே எழுது."

எழுதினேன்: "குளிர்காலத்தில் இந்தப் பெட்டி சரக்கைச் சூடாக வைக்கும். எதையும் நிறுத்துவதற்கு முன் கேளுங்கள். கேட்டால் சிரிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள்."

அவர் படித்தார். பேனாவைத் திருப்பி வாங்கினார். காலியாக இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

அவையோரே! கல்லூரியில் நான் காசு கொடுத்துப் படித்துக்கொண்டு, தெரியாததை மறைத்தேன். கிடங்கில் காசு வாங்கிக்கொண்டு தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகினேன். எது படிப்பு? பரீட்சையில் தவறினால் மதிப்பெண் போகும், அவ்வளவுதான். இங்கே தவறினால் ஒரு கடையில் அலமாரி காலியாகும். ஒரு பிள்ளையின் தட்டில் பழம் இருக்காது! எது பொறுப்பு? நாம் இன்று காலை குடித்த பாலும், பூசிய மருந்தும், போர்த்திய போர்வையும் யாரோ ஒருவர் நேரம் குறித்து, வெப்பம் பார்த்து, வழி வகுத்து அனுப்பியதால் அல்லவா நம் வாசலுக்கு வந்தன? தெரிந்தவர்கள் சொல்ல மறந்ததை வெளியே காட்ட, ஒன்றும் தெரியாத ஒருவர் வேண்டும். அந்தத் தெரியாதவருக்கு முதல் நாளிலிருந்து சம்பளமும் தருகிறார்கள். "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களைத்தானே தேடுகிறார்கள்!

வாசலோர மேசையில் விண்ணப்பப் படிவங்கள் இருக்கின்றன. இந்த முறை பத்து இடங்கள்.

என்னம்மா? மூன்றாம் வரிசையில், மடியில் பிள்ளையோடு இருப்பவரே, எழுந்தே கேளுங்கள்... "வேலை நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இந்த மாலையில் கேட்ட ஒரே உருப்படியான கேள்வி.

என்னிடம் சொல்லுங்கள். யார் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று இப்போது பட்டியல் போடுவது நான்தான். புதியவர்களின் ஆறாம் வார வெள்ளிக்கிழமையும் என் மேசைக்குத்தான் வருகிறது. காய்ச்சல் எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு ஏறியது என்று எழுதி வைத்திருப்பீர்கள் அல்லவா? தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தப் பயத்தை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டாம் அம்மா. கூடவே கொண்டு வாருங்கள். எங்களிடம் அதற்கு வேலை இருக்கிறது.

சிரித்தும் சிந்தித்தும் செவிசாய்த்த உங்கள் ஒவ்வொருவருக்கும், என்னைத் துணிந்து மேடையேற்றிய தலைவருக்கும், இப்போது தலை நிமிர்ந்து என்னைப் பார்க்கும் என் அம்மாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும் சொல்லி, மேடையைவிட்டு இறங்கி, அந்த மூன்றாம் வரிசைக்கு ஒரு படிவத்தோடு வருகிறேன்.