தொட்டுப் பார்க்கும் பரீட்சை

— கைய எடுலே. துண்ட நானே விலக்கிக் காட்டுறேன். அங்கன நின்னே பாரு.

— பாத்தாப் பத்தாதுய்யா. வயித்த அமுக்கிப் பாக்கணும். இடது விலாவுக்குக் கீழ காய்ச்சக் கட்டி எம்புட்டு வளந்திருக்குன்னு கையாலதான் சொல்லணும். அதுக்குத்தான் எங்களப் பட்டணத்துல இருந்து இந்தக் கம்பம் ஊரு ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்து பரீட்சை வைக்கிறாக.

— நீ நம்ம சுருளிப்பட்டி தவசி மகன் முத்துவீரந்தான? எங்க கெணத்துல தண்ணி எறைக்கிற கமலைக்குத் தோலுச் சால் தைச்சவன் உங்கய்யன். கோட்டைச்சாமின்னு என் பேரச் சொல்லக்கூடப் பயப்படுவான். நீ என் கட்டிலுக்கே வந்துட்ட.

— படிக்க வந்துட்டேன்யா.

— படி. யாரு வேணாம்னா? இம்புட்டுப் பேரு காய்ச்சல்ல கெடக்காக. வேற ஆளப் பாரு.

— பரீட்சை வைக்கிற துரை எனக்கு உங்களத்தான் குடுத்திருக்காரு. போன பரீட்சையில ஒருத்தரு தொட விடல, பெயிலாக்கிட்டாக. இதுவும் போச்சுன்னா டாக்டர் படிப்பே போச்சு.

— அவன் விடலன்னா உன்னிய எதுக்குப் பெயிலாக்குறாக?

— நானும் கேட்டேன். நோயாளிய இணங்க வைக்கிறதும் படிப்புதான்னு சொல்லிட்டாரு.

— வெள்ளக்காரனுக்கு என்ன தெரியும். ஏலே, இந்தக் காய்ச்சல் போகணும்னுதான் வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி நேந்திருக்கேன். நீ தொட்டது தெரிஞ்சா என்னையச் சட்டி எடுக்க விடுவாகளா? காலையில ஒரு பிள்ளை வந்துச்சு, அக்ரகாரத்துப் பிள்ளை. வயித்து மேல துணிய விரிச்சு, விரல் நுனியால பாத்துட்டுப் போச்சு. மரியாத தெரிஞ்ச பிள்ளை. நீயும் அப்பிடிப் பாரேன்.

— அது மரியாத இல்லைய்யா.

— பெறகு?

— உங்க உடம்பு அவரு விரல்ல பட்டுறக் கூடாதுன்னு போட்ட துணி. அப்பிடியும் வெளிய போயிக் கையத் தேச்சுத் தேச்சுக் கழுவுனாரு.

— என் உடம்பா?

— ஆமாய்யா.

— நான் நெலம் நீச்சு வச்சிருக்குற சம்சாரிலே. எங்க வீட்டு நெல்லு போகாத கோயில் இந்தப் பக்கம் கெடையாது.

— தெரியும்யா. நான் பக்கத்துலதான் நின்னேன்.

— பாத்துக்கிட்டா இருந்த?

— எனக்குப் பழக்கந்தானய்யா. நீங்கதான் இன்னைக்குப் புதுசாக் கேக்குறீக. துரை அடுத்த கட்டிலுக்கு வந்துட்டாரு.

— அந்தத் திரைய இழுத்து விடு. நல்லா இழு. ம். பாத்துட்டுப் போ.

— கால மடக்குங்க. மூச்ச இழுங்க. இங்கன, இடது பக்கம் வலிக்குதா?

— இல்ல.

— வலது பக்கம்?

— அங்கன வலிக்குது. ஆனா முன்னைக்கு இப்பத் தேவல. தேறுன ஆளாப் பாத்துத்தான பரீட்சைக்குப் பொறுக்கியிருப்பாக?

— இன்னொரு தரம் மூச்ச இழுங்கய்யா.

— இழுத்துட்டேன். என்ன, கைய எடுத்துட்ட? ஒண்ணும் தட்டுப்படலயா?

— தட்டுப்பட்டுச்சுய்யா. இந்த வலது பக்கந்தான் கல்லு கல்லாத் தட்டுப்படுது.

— அப்ப பாஸாயிருவ.

— ஆயிருவேன்யா.

— பெறகு எதுக்குலே கண்ணு கலங்குது? கொய்னா மருந்து குடிச்சாக் கரையிற கட்டிதான இது?

— உங்க கூட வீட்டுல இருந்து யாருய்யா வந்திருக்காக? அவுகளக் கொஞ்சம் தனியாக் கூப்பிட்டுப் பேசணும்.