மக்கள்தொகைக் கணக்கில் ஒரு ஸ்பெயின்காரன்

இல்லம்மா, அந்த ரெண்டு கட்டத்தையும் கடைசியா வச்சுக்கலாம். மொதல்ல காப்பியக் குடி, ஆறுனா கசக்கும். பேரு, வயசு, எத்தன ரூமு, கக்கூசு உள்ளயா வெளியயா, எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு சொல்லிட்டேன்ல? என்ன இனம், என்ன தாய்மொழி, அதுதான பாக்கி? ஓடியா போகப்போகுது.

ஆமா, கதவுல டினோ கோர்டோபா, அடையாள அட்டையில டிஹோமிர் வாசிச். ரெண்டும் நான்தான். ஒங்கம்மாவுக்கு என் பாட்டுன்னா உசுரா? அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க. முன்னல்லாம் அக்காவுக்குப் பிடிக்கும்பாங்க. அடுத்த கணக்கெடுப்புக்கு வர்ற பொண்ணு ஆயாவுக்குப் பிடிக்கும்பா. அதுக்குள்ள போய்ச் சேந்துரணும்.

இப்ப எங்கயா? போன சனிக்கிழமை ஒரு டயர் கடை தெறப்பு விழா. நான் பாடிக்கிட்டே இருக்கேன், பின்னாடி ஒருத்தன் காத்தடிச்சுக்கிட்டே இருக்கான். அவனுக்குத்தான் கூட்டம்.

சொந்த ஊரு ஷாபாட்ஸ். அப்பா கல்யாண வீட்டுல ஃபிடில் வாசிப்பாரு, நான் பாடுவேன். தொண்ணூத்தி மூணுல ஒரு கேசட்டத் தூக்கிக்கிட்டு இங்க பெல்கிரேடுக்கு வந்தேன். கேசட்டு கம்பெனிக்காரன் கேட்டான். கொரலு தேனா இருக்குய்யா, மூஞ்சிதான் கொஞ்சம் ஜாஸ்தி ஜிப்ஸியா இருக்குன்னான். கல்யாணத்துல ஜிப்ஸி பாடலாமாம், போஸ்டர்ல சிரிக்கக் கூடாதாம். அவனே யோசிச்சு எனக்கு ஸ்பெயின்ல ஒரு பாட்டியப் பெத்துப்போட்டான். அன்னையிலேருந்து நான் கோர்டோபா.

எனக்கு வெக்கமா இருந்துச்சான்னு கேக்குறியா? நீ வேற. சந்தோசத்துல குதிச்சேன். மார்புல சுருக்கு வச்ச வெள்ளச் சட்டை, இடுப்புல செவப்புத் துணி. பாக்குறதுக்கு ஹோட்டல் சன்னல் தெரைச்சீலையே எறங்கி வந்த மாதிரி இருப்பேன். மொதப் பாட்டே கடல் தாண்டி வந்த ரத்தம்னுதான். அதுவரைக்கும் நான் கடலப் பாத்தது ஒரே தடவை, அதுவும் பஸ்ஸுல வாந்தி எடுத்துக்கிட்டே.

ஒருநாள் நெசமாவே ஒரு ஸ்பெயின்காரன் வந்துட்டான். ஃபுட்பால் ஆடுறவன். விருந்துல என்னக் கட்டிப்புடிச்சு கடகடன்னு பேசுறான். நான் தொண்டையப் புடிச்சுக்கிட்டு, டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டாருன்னு சாடையில காட்டிட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினான். நானும் தலைய ஆட்டி ஆட்டிச் சிரிச்சேன். அப்புறம்தான் சொன்னாங்க, பொண்டாட்டி விட்டுட்டுப் போன கதையச் சொல்லி அழுதிருக்கான் பாவம்.

அதவிடப் பெரிய கூத்து டிவியில. நம்மூர்ல ஒருத்தன் யாருன்னு தெரியணும்னா குலசாமி எதுன்னு கேட்டாப் போதும்ல? கம்பெனிக்காரன் படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனான். புனித நிக்கோலான்னு சொல்லுடா, பாதி செர்பியாவுக்கு அவருதான், எவனும் சந்தேகப்பட மாட்டான்னு. மேடையில வெளிச்சம், வேர்வை. பேட்டி எடுத்த அந்தம்மா குலசாமி எதுன்னு கேட்டுச்சு. என் வாயி பிபியா அத்தைன்னுருச்சு.

நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட. எங்காளுங்களத் தவிர யாரும் கும்புட மாட்டாங்க. வசந்தத்துல பொம்பளைங்கள்லாம் மரத்தடியில கூடி, ரொட்டியப் பிச்சு, ஒவ்வொரு புள்ள பேரையும் சத்தமாச் சொல்லி அதுக்கு நோய்நொடி வரக்கூடாதுன்னு வேண்டுவாங்க. சொன்ன உடனே மாட்டிக்கிட்டேன்னு தெரிஞ்சுது. சமாளிச்சேன். அது ஸ்பெயின் சாமி, எங்க பாட்டி கப்பல்ல கொண்டாந்துச்சுன்னேன். எவ்வளவு அழகுன்னுச்சு அந்தம்மா. நாடே நம்பிருச்சு. எங்க தெருவுல மட்டும் வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டிருக்காங்க. மாமா மறுநாள் போன் போட்டாரு. டேய், பிபியாவையே கப்பல் ஏத்திட்டியேடான்னு.

சரி, கட்டத்துக்கு வருவோம். போன கணக்கெடுப்புல செர்பியன்னு சொன்னேன். அதுக்கு முந்தி ஸ்பானியன்னே சொல்லிட்டேன், வந்தவன் என் ரசிகன். இப்ப எழுதிக்க. இனம், ரோமா, அதான் நீங்கல்லாம் ஜிப்ஸிங்கிறீங்களே. தாய்மொழி, ரோமானி. ஏம்மா கை நின்னுருச்சு? சொல்றத எழுதணும்னுதான சட்டம்? பேச முன்ன மாதிரி வராது. திட்ட வரும், கனவுல வரும்.

ஏன் திடீர்னா? திடீர்னு இல்ல. மார்ச்சுல பேப்பர்ல வந்துச்சே, பாக்கலியா? டினோ கோர்டோபாவின் தங்க மனசுன்னு. வீட்டுல பதினாலு வருசம் தரை தொடச்ச அம்மா செத்ததுக்கு ஷாபாட்ஸுக்கே போய் மாலை வச்சாராம். எனக்கு இத்தன வருசத்துல அந்த மாதிரி நல்ல செய்தி வந்ததே இல்ல. டயர் கடைக்காரன்கூட அதப் படிச்சுட்டுத்தான் கூப்பிட்டான்.

புதன்கிழமையானா பஸ் ஏறி வரும் அந்த அம்மா. பீன்ஸ் கொழம்பு ஒரு தூக்குல. ஒருநாள் லிஃப்டுல மூணாவது மாடிக்காரி இது யாருன்னு கேட்டா. வீடு கூட்ட வர்றவங்கன்னேன். பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அடுத்த புதன்கிழமை வாளியும் துடைப்பமும் புதுசா வாங்கிட்டு வந்து நிக்குது. மூணாவது மாடிக்காரி எங்க வீட்டையும் தொடச்சு விடுறியான்னா, போயித் தொடச்சுது, ரெண்டு வருசம். ஏம்மா என் மானத்த வாங்குறேன்னு சத்தம் போட்டேன். கேளு, நான் சத்தம் போட்டேன். போகலேன்னா அவளுக்குச் சந்தேகம் வரும்டா கண்ணுன்னுச்சு.

சாகறதுக்கு முன்னாடி ஷாபாட்ஸ்ல எங்க தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கு, அவன் வந்தா யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது, மொதலாளின்னு கூப்புடுங்கன்னு. சாவு வீட்டுல, எங்கூட வெளையாடி வளந்தவனெல்லாம் வரிசையில வந்து கை குடுத்து, வாங்க சார்ங்கிறான். நானும் கறுப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஆமாம்ப்பா, நல்ல உழைப்பாளிங்கிறேன். வாயி தானா சொல்லுதும்மா. பழகிருச்சு.

அழல. காப்பி சூடு, புகை கண்ணுல பட்டுருச்சு. ஆறிப்போச்சா? சரி, அப்ப அழுதுட்டேன்னே வச்சுக்க.

அந்தப் பேப்பர்காரப் பையன் மாமாகிட்டப் போயி, இவங்களுக்குப் புள்ளைங்க இல்லியான்னு கேட்டான். மாமா சாவுக்கு வாசிச்சுக்கிட்டிருந்த ஃபிடில எறக்கி வச்சுட்டு, ஒரு மகன் உண்டு, அவன் வரலன்னாரு. நான் ரெண்டடி தள்ளி மாலையோட நிக்கிறேன். அதையும் அப்படியே அச்சடிச்சிருக்கான், கடைசி வரியா.

லேப்டாப்ப மூடாத, இரு. ரோமானின்னு விழுந்திருக்கான்னு எனக்குக் காட்டு.