பச்சை எங்கே நிற்கிறது

— கைய எடு. எடுன்னா எடு. எந்த ஸ்லைடுடா இது?

— சுத்தமானது அக்கா, சத்தியமா. நோயில்லாத ரத்தம்.

— அப்புறம் ஏன் மகராசா இப்படிப் பச்சையா மின்னுது? வைரஸோட புரோட்டீன் இருந்தாத்தான் நம்ம சாயம் ஒளிரும்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?

— இந்த ஸ்லைடு, நாம புரோட்டீன் ஏத்தின செல்லுங்க பக்கத்துலதான் இருந்துச்சு. அதுலேர்ந்து தெறிச்சிருக்குமோ? சத்தியமா நான் கவனமாத்தான் செஞ்சேன். டைரக்டருக்குத் தெரிஞ்சா என் கதை முடிஞ்சது.

— பொலம்பாத. கதவை யாரு தட்டுறது?

— உங்க பொண்ணு. ஸ்கூல் விட்டு வந்துட்டா போல.

— வெளிய பெஞ்சுல உட்காரட்டும். நீ கலந்திருந்தா நல்லதுடா. நீயே கலந்திருக்கணும்னு வேண்டிக்கோ. பச்சை செல்லுக்குள்ள எங்க நிக்குது, பாரு.

— நடுவுல. நியூக்ளியஸுக்குள்ள.

— நாம ஏத்தினது அங்க போகுமா?

— எப்படிப் போகும்? அந்தப் புரோட்டீன்ல, உள்ள நுழைய விடுற துண்டைத்தான் நாமளே வெட்டிட்டோமே. அது நியூக்ளியஸுக்கு வெளியவே சுத்திக்கிட்டு நிக்கும்.

— அப்போ இது நம்மளுது இல்ல.

— அப்பாடா! சத்தியமா போன உயிர் திரும்பி வந்துச்சு. நான் கலக்கல! அக்கா... ஏன் மூஞ்சி இப்படி ஆயிடுச்சு?

— வெட்டாத புரோட்டீன் நிஜ வைரஸ்லதான் இருக்கு. நம்ம லேப்புக்குள்ள அது ஒரு துளி கிடையாது. ஊருக்குள்ளதான் சுத்துது. எச்சில் பட்டாலே தொத்துற காய்ச்சல். படுத்தவங்க யாராவது எந்திரிச்சு வீட்டுக்கு வந்தாங்களா?

— வாயை மூடுங்க அக்கா, பயமா இருக்கு. இன்னொரு ஸ்லைடு போட்டுப் பாப்போம்.

— போட்டாச்சு. நீ பொலம்புறப்பவே மாத்திட்டேன், நீ பாக்குறதே அதே ரத்தத்தோட ரெண்டாவது ஸ்லைடு. இந்த ரத்தம் யாரோடது?

— வழக்கம்போல லேப்ல இருக்குறவங்களோடதுதான்.

— உன்னோடதா?

— எனக்குத்தான் ஊசின்னாலே மயக்கம் வருமே... முந்தாநாள் நீங்கதான சிரிச்சுக்கிட்டே கைய நீட்டினீங்க? "நான் கல்லு மாதிரி இருக்கேன், என்கிட்ட எடு"ன்னு.

— எனக்குக் காய்ச்சல்கூட இல்லையேடா...

— அக்கா, உக்காருங்க. பாப்பா மறுபடியும் தட்டுறா.

— திறக்காத! என்கிட்ட விடாத அவள!

— சரி, சரி. திறக்கல.

— இல்ல... திற. காலைல என் டம்ளர்ல மிச்சம் இருந்த பாலை அவதான் குடிச்சா.