சத்தம் வந்த இடத்திலேயே

ஓடுகிற காரில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் முதலில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிய வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. எனக்கு அது நன்றாகத் தெரியும். என் மனைவி றஞ்சிதம் இறந்த பிறகு, கொட்டாஞ்சேனையில் என் வீட்டில் மூன்று வருஷமாக வாயைத் திறப்பதற்கு எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. இன்றைக்கும் இரண்டு கோப்பைத் தேநீர் கொண்டுவரச் சொன்னீர்களே, அதற்கு நன்றி.

நாகேந்திரம் இந்த முப்பத்தொன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில்தான் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தார். சுங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில், கடற்கரைக்குப் போகிற ஒழுங்கை ஒன்றில் வீடு. கார் அவரிடம் வருவதற்கு முன்பே பத்து வருஷம் யாரோ ஒரு துரையைச் சுமந்திருக்கிறது.

"ஒஸ்வால்ட், இது கள்ளச் சத்தம்" என்றார். "நான் தனிய ஓடேக்கை வருகுது. ஆரையும் ஏத்திக்கொண்டு போனா ஊமை மாதிரி இருக்குது. மனிசி எனக்குக் காதிலை பிழை எண்டுறா."

நான் சிரித்துவிட்டேன். என் சிரிப்பு எனக்கே புதிதாகக் கேட்டது.

சத்தத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எஞ்சினோடு பூட்டியிருக்கிற டைனமோவின் போல்ற் ஒன்று இளகியிருந்தது. எஞ்சின் நன்றாகச் சூடாகி, வழியில் ஒரு குலுக்கலும் கிடைத்தால் டொக் டொக் என்று அடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கிவிடும். ஸ்பனரை வைத்து ஒரு திருகு திருகினால் வேலை முடிந்தது. வைத்தும் விட்டேன். அப்போது அவர் முன் சீற்றில் ஒரு பார்சலைப் பிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "வாரும், சாப்பிடுவம். மனிசி கனகேஸ்வரி ரெண்டு பேருக்குக் கட்டித் தந்தவ."

வா, சாப்பிடு என்று ஒருவர் என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. ஸ்பனரைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "இன்னும் பிடிபடேல்லை ஐயா. வாற சனிக்கிழமை ஓடிப் பாப்பம்" என்றேன்.

அப்படி இருபத்திரண்டு சனிக்கிழமைகள். அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்து என்னை ஏற்றிக்கொள்வார். காலி வீதியால் தெஹிவளை வரைக்கும் போய், அவருடைய ஒழுங்கையால் இறங்கி ரயில் பாதையைக் கடந்து, கடலோரத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். வழியில் இருவரும் பேசுவதில்லை. பேசினால் சத்தம் கேட்காது என்று நான்தான் சொல்லியிருந்தேன். என் வீட்டிலும் பேச்சில்லைதான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பேசாமல் இருப்பது வேறு, ஐயா. டொக் என்று ஒரு அடி கேட்டதும் அவர் திரும்பி என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகத்தான் ஞாயிறு தொடங்கி வெள்ளி வரைக்கும் நான் உயிரோடு இருந்தேன். சில வாரம் சத்தம் வராமலே இருந்துவிடும். அந்த வாரங்களில் பொனற்றைத் தூக்கிப் பார்க்கிற சாக்கில் போல்ற்றைக் கொஞ்சம் இளக்கிவிடுவேன். அவர் எட்டிப் பார்த்ததே கிடையாது. என்னை அவ்வளவு நம்பினார்.

அவருக்குக் கேட்கவும் பழக்கினேன். உங்கள் மேசையில் இருக்கிற கருங்காலிக் கோல் நான் கடைந்து கொடுத்தது; கனகேஸ்வரி அம்மா சொன்னது சரி. ஒரு முனையை எஞ்சினில் ஊன்றி மறு முனையைக் காதில் வைக்க வேண்டும். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்ள வேண்டும். அப்போது உலகத்தில் எஞ்சினைத் தவிர வேறெதுவும் கேட்காது. எல்லா மெக்கானிக்கும் செய்கிறதுதான் இது. ஆனால் இன்னொரு விதியும் சொல்லிக் கொடுத்தேன். சத்தம் எந்த இடத்தில் வருகிறதோ அந்த இடத்திலேயே காரை நிறுத்த வேண்டும், எஞ்சினை அணைக்கக் கூடாது, உடனே இறங்கிக் கோலை வைக்க வேண்டும், ஒரு அடி நகர்ந்தாலும் சத்தம் ஒளிந்துகொள்ளும் என்று. அது நானாக உண்டாக்கிய விதி. நான் இல்லாத நாட்களிலும் அவர் என்னை நினைக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறு பிரயோசனம் இல்லை.

அவர் ஒரு நாளும் தவறியதில்லை. "செவ்வாய்க்கிழமை பம்பலப்பிட்டிச் சந்தியிலை நிப்பாட்டினனான்" என்பார். "பின்னாலை வந்த பஸ்காரன் சிங்களத்திலை நல்லா ஏச்சுத் தந்தான். நான் அசையேல்லை!"

போன சனிக்கிழமை பட்டறையில் என்னை இறக்கிவிட்டுச் சொன்னார்: "இரத்மலானையிலை ஆகாயக் கப்பல் எஞ்சின் பாக்கிற வெள்ளைக்காரன் ஒருத்தன் இருக்கிறானாம். மருமகன் கதைச்சு வைச்சிருக்கிறார். திங்கக்கிழமை கொண்டு போறன். நீரும் பாவம், எத்தினை சனிக்கிழமையை எனக்காக வீணாக்கிப்போட்டீர்."

வீணாக்கினேன் என்றார். அது எனக்கு மிகவும் வலித்தது. அந்த வெள்ளைக்காரன் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பான். போல்ற்றின் தலையில் என் ஸ்பனரின் தடம் புதிதாக இருப்பதையும் கண்டுபிடிப்பான். கடைசியாக ஒருமுறை பார்க்கிறேன் என்று பொனற்றைத் தூக்கினேன். இறுக்கிவிட்டால் சத்தம் போய்விடும், அவரும் போய்விடுவார். இறுக்காவிட்டால் திங்கட்கிழமை என் முகத்தில் காறித் துப்புவார். மேலும் இரண்டு திருகு இளக்கினேன்; இனி எஞ்சின் சூடாகாவிட்டாலும் குலுக்கலில் அடிக்கும். அவரே கோலை வைத்து அதைக் கண்டுபிடிக்கட்டும், கண்டுபிடித்த சந்தோஷத்தில் இரத்மலானையை மறந்து என்னிடம் ஓடிவருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பின்னேரங்களில் மனைவி கோயிலுக்குப் போக, அவர் தனியாகக் கடற்கரைக்குப் போவது எனக்குத் தெரியும். தெற்கே போகிற ரயில் அங்கே வருகிற நேரமும் தெரியும். போல்ற் இளகியிருந்தால் சத்தம் அந்தப் பாதையின் இரண்டாவது தண்டவாளத்துக் குலுக்கலில் தவறாமல் வரும் என்பதும் தெரியும். எத்தனையோ சனிக்கிழமை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்; நான் கூட இருக்கும்போது நிறுத்தத் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். ரயில் றைவர் விடாமல் ஊதினேன் என்று சத்தியம் செய்கிறாராமே. ஊதியிருப்பார். ஒரு காதில் கோல், மற்றக் காதில் விரல்.

இது விபத்தா, தெரிந்து செய்ததா என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். சனிக்கிழமை புறப்படும்போது நாகேந்திரம் கார் யன்னலால் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் ஒஸ்வால்ட், றெயில் பாதையிலை சத்தம் வந்தாலும் நிப்பாட்டுறதோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். நானும் சிரித்திருந்தால் போதும்.

"ஓம் ஐயா" என்றேன். "அங்கைதான் வடிவாக் கேக்கும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நேற்றும் இன்றும் நீங்கள் இப்படி என் எதிரே வந்து உட்கார்ந்திருக்க மாட்டீர்கள்.